மேய்ப்பன் ஒடித்த கால்

மேய்ப்பன் ஆட்டுக்குட்டியின் காலை ஒடித்தான் என்கிற கதையின்மேல் எனக்குப் பத்து வருஷமாகச் சந்தேகம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலேயே அதைக் கூடவே கொண்டு அலைந்திருக்கிறேன். இப்போது அதே கதையை அதே மனிதர் அதே பீடத்தில் நின்று மறுபடியும் ஆரம்பிக்கிறார். மாசிலாமணி ஐயருக்கு, பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம், எழுபது தாண்டியிருக்கும். தலைக்குச் சாயம் அடித்திருக்கிறார், காதோரம் நரையை மறந்துவிட்டார். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்குச் சிறப்புச் செய்தி கொடுக்க வந்திருக்கிறார். இருபத்துமூன்றாம் சங்கீதம், நாலாம் வசனம், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும். எல்லோரும் எடுத்தாயிற்றா என்று கேட்கிறார். தாள் புரளும் சத்தம். பிறகு குரலை இறக்கி, மைக்குக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து, 'எபிரேயத்திலே' என்கிறார். உடனே பேனாக்கள் வெளியே வருகின்றன. இதை நான் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். 'கிரேக்கத்திலே' என்றால் பாதிப் பேர்தான் எடுப்பார்கள். 'எபிரேயத்திலே' என்றால் பேனா கொண்டுவராதவன்கூடப் பக்கத்தில் கைநீட்டுவான். என் பக்கத்தில் கனகமணி வாத்தியார் இருக்கிறார், நாற்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர், பள்ளிக்கூடத்தில் ஒரு சூத்திரத்தை நிரூபிக்காமல் நகரமாட்டார். அவரும் வேதாகமத்தின் ஓரத்தில் எழுதத் தயாராகச் சாய்ந்திருக்கிறார். ஷேவெட், என்கிறார் ஐயர். ஷேவெட் என்றால் என்ன? ஓடிப்போகிற குட்டியை ஒடித்து நிறுத்துகிற கோல். மேய்ப்பன் அந்தக் கோலால் குட்டியின் காலை ஒடிப்பான். பிறகு அவனே கட்டுப் போடுவான். கால் கூடும்வரை தோளிலே சுமப்பான். கால் கூடினபிறகு அந்தக் குட்டி, பிரியமானவர்களே, சாகும்வரைக்கும் அவன் பக்கத்தை விட்டு விலகாது. சபை மூச்சு விடுகிறது. யாரோ ஆமென் என்கிறார்கள். வாத்தியார் எழுதுகிறார், 'ஒடித்து நிறுத்தும் கோல்', அடியில் கோடு.

பொய். எனக்கு எபிரேயம் தெரியும் என்று சொல்லமாட்டேன். இந்த ஊரில் என்னைக் கேலியாக எபிரேயர் என்று கூப்பிடுகிற அளவுக்குத் தெரியும். பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கி, வேலை முடிந்து வந்து தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மூன்று மாதத்தில் எழுத்துகளைப் படித்துவிட்டேன். வலமிருந்து இடம். நான் சர்வேயர், நிலத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் அளக்கலாம், எனக்கு அது சிரமமாக இல்லை. பக்தியினால் படிக்கவில்லை. இந்த மனிதரைப் பொய்யில் பிடிக்கவேண்டும் என்பதற்காகப் படித்தேன். ஷேவெட் என்கிற சொல் வருகிற இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்தேன். அது கோல். ராஜா பிடித்தால் செங்கோல். அப்பன் பிடித்தால் பிரம்பு. கோத்திரத்துக்கும் அதே சொல். மேய்ப்பனுடைய ஆடுகள் எண்ணிக்கைக்காக அதன் அடியில் ஒன்று ஒன்றாகக் கடந்துபோகும். ஆட்டின் காலை அது ஒடித்ததாக ஆதியாகமத்திலிருந்து மல்கியாவரைக்கும் ஒரு வரிகூட இல்லை. இன்னொரு சொல், தடி, அது சாய்ந்துகொள்கிறதற்கு உள்ளது, அவ்வளவுதான். தேற்றும் என்பதற்கு உள்ள சொல்லைத்தான் நான் தேடாமல் இருந்திருக்கலாம். அதன் வேர் நாஹம். மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்று ஆதியாகமத்தில் வருகிறதே, அங்கேயும் அதே வேர். ஆறுதலும் மனஸ்தாபமும் எப்படி ஒரே வேரில் முளைக்கும் என்று அன்றைக்குப் புத்தகத்தை மூடினேன், மறுநாள் திறந்தேன், மறுபடி மூடினேன். ஐயருக்கு இதெல்லாம் தெரியாது. செமினரியில் எபிரேயப் பரீட்சையை எப்படித் தேறினாரோ. எங்கேயோ ஒரு ஆங்கிலப் பிரசங்கப் புத்தகத்தில் படித்திருப்பார், அல்லது இன்னொரு ஐயர் சொல்லக் கேட்டிருப்பார், அவர் இன்னொருவரிடம். ஒருவனும் போய் ஓர் ஆட்டைப் பார்த்திருக்கமாட்டான்.

நான் பார்த்தேன். ஒரு பாகப்பிரிவினைக்கு அளக்கப் போன இடத்தில், பக்கத்து வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். அறுநூறு ஆடுகள் இருக்கும். கிடையை மேய்க்கிற கீதாரி வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் போய், தற்செயலாகக் கேட்கிறவன் மாதிரி, வழிதப்பி ஓடுகிற குட்டியின் காலை ஒடிக்கிற வழக்கம் உண்டா என்று கேட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எத்தனையோ பேர்மேல் வைத்திருக்கிறேன், என்மேல் ஒருவர் வைத்தது அன்றைக்குத்தான். "காலை ஒடிச்சா யாரு சொமக்கது? நீரு வந்து சொமப்பீரா?" என்றார். ஓடுகிற குட்டிக்குக் கழுத்தில் ஒரு கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்களாம், நாலு நாளில் அதற்கே அலுத்துவிடுமாம். எந்த ஊரில் எந்தப் பயல் இப்படிச் சொன்னான் என்று கேட்டார். ஓர் ஐயர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கேயோ படித்தேன் என்றேன். எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது, மாசிலாமணி ஐயரை ஒரு கீதாரி ஒரே வரியில் அடித்துப்போட்டார் என்று. திரும்பி நடக்கும்போது அவர் பின்னாலிருந்து சொன்னார், "ஒடிச்சவன் கையில அது மறுபடி தீனி திங்காது சார்." நான் திரும்பிப் பார்க்கவில்லை. அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போய், அன்றைக்கு ஒரு வரப்பைத் தப்பாக அளந்தேன்.

பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் புஷ்பலீலா இருக்கிறாள், என் மனைவி. முக்காட்டைச் சரிசெய்கிறாள், என் பக்கம் பார்க்கவில்லை. அவள் எழுதவும் இல்லை. நேற்றுச் சாயங்காலம் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டே சொன்னாள், செவ்வாய்க்கிழமை புனே ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருப்பதாக. ஒன்று அவளுக்கு. இன்னொன்றை நாளைக்குள் ரத்து செய்யலாமாம். எங்கள் மகன் ரூபன் புனேயில் இருக்கிறான். பன்னிரண்டு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. சனிக்கிழமைகளில் அவளோடு பேசுவான், நான் அந்த நேரத்தில் பின்வாசலுக்குப் போய்விடுவேன், குழாயைத் திறந்து ஏதாவது கழுவுவேன், சத்தத்துக்காக. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. பெயர்கூட எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அவன் சொல்லியனுப்பியதை அவள் தண்ணீரை வடித்துக்கொண்டே சொன்னாள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அவன் குரலிலேயே சொல்வது மாதிரி. "ஊர்ல என்ன சொன்னாரோ, அதை ஊர்லயே மாத்திச் சொல்லட்டும். ஒருத்தர்கிட்டச் சொன்னாக்கூடப் போதும். அப்புறம் வரட்டும், பிள்ளையத் தூக்கட்டும்." என்ன கொழுப்பு என்று நினைத்தேன். முப்பத்தோரு வயதுப் பயல் அப்பனுக்கு நிபந்தனை போடுகிறான். அப்படி நினைத்துக்கொண்டே குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். பன்னிரண்டு வருஷமாக அவளும் அந்தப் பொய்யை என்னோடு சேர்ந்து சுமந்திருக்கிறாள். ஊருக்கு நாங்கள் சொன்னது, ரூபன் கிணற்றடியில் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டான், இடது கால் எலும்பு முறிந்துவிட்டது என்று. வாத்தியார் பழத்தோடு பார்க்க வந்தார். பாசியைச் சுரண்ட ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். நானே சுரண்டிவிட்டேன் என்றேன். உண்மையாகவே சுரண்டினேன், அடுத்த நாள், ஒன்றுமில்லாத கல்லை.

கால் ஒடிந்ததற்குக் காரணம் பீடத்தில் நிற்கிற இந்த மனிதர். அப்படித்தான் எனக்குள் வரிசையாக வைத்திருக்கிறேன். கன்வென்ஷன் கூட்டத்தில் ஐயர் கதையைச் சொன்னார், நான் கேட்டேன், நம்பினேன், வீட்டுக்குப் போனேன், பையன் ஓடுகிற குட்டியாக இருந்தான், ஒடித்தேன். பாலிடெக்னிக்குக்கு இரண்டு மாதமாகப் போகாமல், ஏதோ போட்டோ ஸ்டுடியோவில் போய் உட்கார்ந்திருக்கிறான். கேட்டால், படிக்கலப்பா என்கிறான், மணி என்ன என்று கேட்டால் சொல்லுகிற மாதிரி. கதவுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கம்பி கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. ஒரே அடி. முழங்காலுக்குக் கீழே. பிறகு நானே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், மாவுக்கட்டுப் போட்டார்கள், ஆறு வாரம். ஆறு வாரமும் அவனைக் கக்கூசுக்கும் குளிக்கவும் நான்தான் தூக்கிப் போனேன். பத்தொன்பது வயதுப் பையன், கனம். என் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது அவனுக்கு, வேறு வழியில்லை. அவன் மூச்சு என் காதில் படும். வெட்கங்கெட்டவன் நான், எனக்கு அந்த ஆறு வாரம் பிடித்திருந்தது. பாருங்கள், கதையில் வருகிறபடியே நடக்கிறது என்று நினைத்தேன். கட்டுப் பிரித்து ஒன்பதாம் நாள் அவன் காலையில் பஸ் ஏறிப் போய்விட்டான். கதையின் கடைசி வரி மட்டும் நடக்கவில்லை. அன்றைக்கிலிருந்து ஐயர்மேல் எனக்குக் கோபம். கோபம் என்பது மரியாதையான சொல். அருவருப்பு. மேடையில் நின்று தெரியாத பாஷையில் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்கு ஜீப் ஏறிவிடுகிறவர்கள். அதைக் கேட்டு வீட்டுக்குப் போகிறவன் கையில் கம்பி இருக்குமா என்று யோசிக்காதவர்கள். இந்த வரிசையில் எனக்கு ஒரு வசதி இருந்தது. முதல் கல்லை ஐயர் நட்டார், நான் அதிலிருந்து அளந்தேன். கல் தப்பு என்றால் சர்வேயர் என்ன செய்வான்?

மேலே ஐயர் தண்ணீர் குடிக்கிறார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, இந்த வெளிப்பாடு எனக்கு எங்கே கிடைத்தது தெரியுமா என்று கேட்கிறார். இதே ஊரில் கிடைத்தது என்கிறார். சபை நிமிர்கிறது, தங்கள் ஊர்ப் பேச்சு வந்தால் நிமிர்வார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், மே மாதக் கன்வென்ஷனில், கடைசி நாள், முன்வரிசையில் ஒரு வாலிபன் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தான், காலை ஒரு ஸ்டூலின்மேல் நீட்டி வைத்திருந்தான், அவனைப் பார்த்தபோதுதான் ஆண்டவர் இந்த வசனத்தை என் வாயில் வைத்தார், என்கிறார். வாத்தியார் என்னை முழங்கையால் இடிக்கிறார். "ஒம்ம பயலைத்தாம்வே சொல்லுதாரு." நான் தலையாட்டுகிறேன். தலையாட்டிக்கொண்டே இருக்கிறேன். காலில் கட்டோடு. கூட்டத்தில். அது எப்படி. கூட்டம் முதலில், கட்டு பிறகு. கூட்டத்தில் கேட்டுவிட்டுத்தானே நான் வீட்டுக்குப் போனேன். ஐயருக்கு வயதாகிவிட்டது, ஊரும் ஆளும் குழம்புகிறது, எபிரேயத்தைக் குழப்புகிற மாதிரி. அந்த வருஷம் ஈஸ்டர் அதிகாலை ஆராதனைக்கு ரூபன் நடந்துதான் வந்தான். எனக்கு முன்னால், கைலாந்தரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும். ஈஸ்டர் ஏப்ரலில். கன்வென்ஷன் மே மாதம். ஸ்டூல். அந்த ஸ்டூலை, ஐயர்மார் தங்குகிற குருமனையிலிருந்து, நான்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். அதற்கு ஒரு கால் ஆடும். தாளை மடித்து அடியில் வைத்தேன். வைத்தது என் கைதான்.

எங்கள் சபையில் பிரசங்கக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஓரத்தில் தேதியும் பிரசங்கியார் பெயரும் போட்டுவிடுவார்கள், எல்லோரும் செய்வது, யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் வேதாகமம் மடியில் அதே பக்கத்தில் திறந்துதான் இருக்கிறது. பத்து வருஷமாக நானே ஓரத்தில் எழுதிய சிவப்பு மை எழுத்தை இகழ்ச்சியோடு பார்த்து வந்திருக்கிறேன், 'காலை ஒடிக்கும் கோல், எபிரேயம்', அதன் கீழே இருக்கிற தேதியை ஒருநாளும் படித்ததில்லை. மே பதினாறு. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏப்ரல் இருபத்தெட்டு. அந்தச் சீட்டு பீரோவில் இருக்கிறது, புஷ்பலீலா எதையும் தூரப் போடமாட்டாள். அளவுப் புத்தகத்தில் இப்படி ஒரு தப்பு செய்தால் என்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். முதல் கல்லே நான் நட்டது. அவர் பிறகு வந்து அதற்கு ஒரு பெயர் வைத்தார். அப்படியானால் எபிரேயம் எதற்கு, மூன்று மாதம் எதற்கு, வேப்பமரத்தடிக்குப் போய் அந்தக் கீதாரியிடம் அவமானப்பட்டது எதற்கு. அந்தக் கதையைப் பொய்யென்று நிரூபித்தால் நான் அடித்தது யாரோ ஏமாற்றியதனால் என்று ஆகிவிடும், அதற்காக. என்ன சாமர்த்தியம். இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவோடு சாய்கிறவர்களையெல்லாம் முட்டாள்கள் என்று பார்த்தேனே, அவர்கள் கேட்டதை எழுதினார்கள், நான் எழுதினதை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

இப்போது அது முழுவதும் வருகிறது, வேண்டாமென்றாலும் நிற்கவில்லை. கூட்டத்துக்கு முன் ரூபனுக்கு ஜெபிக்கவேண்டும் என்று ஐயர் அவனைக் குருமனையில் தனியாகக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் வெளியே வராந்தாவில் நின்றேன். செருப்பு ஒற்றையாக வாசலில் கிடந்தது, இன்னொரு காலுக்குத்தான் செருப்பு வேண்டாமே. உள்ளே யார் பேசினார்கள் என்று கேட்கவில்லை. வெளியே வந்து ஐயர் என் தோளில் தட்டினார், கிணற்றடியா தம்பி என்று கேட்டார், ஆமாங்கையா பாசி என்றேன். பிறகு பீடத்தில் ஏறி அந்தக் கதையைச் சொன்னார். எண்ணூறு பேர் ஆமென் என்றார்கள். நான் என்ன செய்தேன்? ரூபன் தோளில் கையை வைத்தேன். அவன் என் கையைப் பார்க்கவில்லை, பேனாவைப் பார்த்தான். நான் சிவப்புப் பேனாவை மூடி கழற்றி, ஓரத்தில் எழுதி, தேதி போட்டு, அடிக்கோடும் போட்டேன், அவன் பார்த்துக்கொண்டிருக்க. அடியைக்கூட அவன் பொறுத்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது. இல்லை, அதுவும் எனக்கு வசதியான தோன்றல். அடித்தபோது அவன் என்னை எதிர்த்து நிற்கவில்லை. பேச்சை முடித்துக்கொண்டு, திரும்பி, வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். முதுகு என் பக்கம் இருந்தது. இதை நான் புஷ்பலீலாவிடம்கூடச் சொன்னதில்லை. சண்டையில் பட்டுவிட்டது என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். ரூபன் அவளிடம் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷச் சனிக்கிழமைகளில் ஒரு சனிக்கிழமைகூடச் சொல்லவில்லை. கொழுப்பென்று நேற்று நினைத்தேனே, யார் கொழுப்பு.

ஆசீர்வாதம் சொல்லி முடிந்தது, எல்லோரும் எழுந்தாயிற்று, நான் கடைசியில் எழுந்தேன். வழக்கப்படி ஐயர் வாசலில் நின்று வரிசையில் வருகிற ஒவ்வொருவருக்கும் கைகொடுக்கிறார். எனக்குப் பின்னால் வாத்தியார், அவருக்குப் பின்னால் பாதிச் சபை. வாத்தியார் என் முதுகில் தட்டி, "எபிரேயரே, ஐயருகிட்ட ஒரு கேள்வி போடும்வே, பாப்போம்" என்கிறார், ரெண்டு மூன்று பேர் சிரிக்கிறார்கள். கேள்விகள் இருந்தன. பத்து வருஷமாகத் தீட்டி வைத்த கேள்விகள். எந்த அதிகாரம், எந்த வசனம், எந்த அகராதி, ஆட்டைத் தொட்டிருக்கிறீரா. ஒவ்வொன்றும் அவரைச் சபைக்கு முன்னால் தலைகுனிய வைக்கும். வரிசை நகர நகர அவை எல்லாம் கையில் கூழாகிக்கொண்டு வந்தன. எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. குருமனைக்குள் ரூபன் சொன்னானா. சொல்லியிருந்தால், ஐயர் அந்தக் கதையை யாருக்காகச் சொன்னார். என்னைத் தேற்றுவதற்கா, என்னைக் குத்துவதற்கா, பையனை என்னிடம் கட்டிப்போடுவதற்கா. சொல்லாமல் இருந்திருந்தால், அவனும் எனக்காகப் பாசி என்றிருப்பான். அதுதான் இன்னும் மோசம். பெண்கள் பக்கத்து வாசலிலிருந்து புஷ்பலீலா வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, நாலு எட்டுத் தள்ளி எனக்காக நிற்கிறாள். ஐயர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கை சூடாக, எலும்பாக இருந்தது. இத்தனை வருஷம் நான் வெறுத்தது இந்தக் கிழவரையா என்றிருந்தது. "சர்வேயர் தம்பி, பையன் எப்படி இருக்கான்? கால் நல்லாயிட்டா?" என்றார். புனேயில் இருப்பதாகச் சொன்னேன், பிள்ளை பிறந்திருப்பதாகச் சொன்னேன். ஸ்தோத்திரம் என்று சொல்லி அவர் கையை விடப் பார்த்தார், அடுத்து வாத்தியாருக்குக் கொடுக்கவேண்டுமே. நான் விடவில்லை. வாத்தியாருக்குக் கேட்கட்டும், அவருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று, கூட்டத்தில் ஒருநாளும் உயர்த்தாத குரலை உயர்த்திக் கேட்டேன்.

"ஐயா, அவன் கிணத்தடியில விழலை. குனிஞ்சு செருப்பு மாட்டிக்கிட்டிருந்தவனைப் பின்னால நின்னு கம்பியால அடிச்சு அந்தக் காலை ஒடிச்சது நான்தான்னு தெரிஞ்சேதான் அன்னைக்கு அந்தக் கதையைச் சொன்னீங்களா?"